பழைய தையல் மிஷினுக்கு எண்ணெய் விடுவது எப்படி? – கேள்வி பதில்

அம்மாவின் கால் மிஷினில்தான் நான் தையல் பழகினேன். இன்றைக்கும் வீட்டுக்குத் திரைச்சீலை, தலையணை உறை எல்லாம் அதில்தான். அந்தத் தைரியத்தில் பதில் சொல்கிறேன்.

கே: அக்கா, மாமியாரின் பழைய சிங்கர் கால் மிஷின் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. அவர் தேங்காய் எண்ணெய்தான் விடுவாராம். நானும் அதையே விடலாமா? (மதுரை)

வேண்டவே வேண்டாம். மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைவதைப் பார்த்திருப்பீர்கள், மிஷினுக்குள்ளும் அதேதான் நடக்கும். அதைவிட மோசம், நாள்பட அது பழுப்பு நிறத்தில் கோந்து மாதிரி இறுகிவிடும். நல்லெண்ணெய், விளக்கெண்ணெய்க்கும் இதே கதி. கடையில் 'தையல் மிஷின் எண்ணெய்' என்றே கேட்டு வாங்குங்கள். அது தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். பைக் இன்ஜின் ஆயில் இந்த வேலைக்கு ரொம்பக் கெட்டி. துரு விடுவிக்கும் ஸ்பிரே இறுகியதை இளக்கும், ஆனால் சீக்கிரம் காய்ந்துவிடும். அதை எண்ணெய்க்குப் பதிலாக நம்பாதீர்கள்.

கே: எங்கெங்கே விட வேண்டும்? மேலே தெரியும் துளைகளில் மட்டும் விட்டால் போதுமா? (திருப்பூர்)

எல்லாரும் மேலே விட்டுவிட்டு அடிப்பக்கத்தை மறந்துவிடுகிறார்கள். முதலில் சக்கரத்திலிருந்து பெல்ட்டைக் கழற்றி, மிஷின் தலையைப் பின்னால் சாயுங்கள். ஒரு கையால் சக்கரத்தை மெல்லத் திருப்பிக்கொண்டே உள்ளே பாருங்கள். இரும்பும் இரும்பும் உரசுகிற ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சொட்டு. இடப்பக்க மூடியைத் திறந்தால் ஊசிக் கம்பியும் அதன் மூட்டுகளும் தெரியும், அங்கேயும் ஒரு சொட்டு. ஊசிக்குக் கீழே, அடி நூலைத் தாங்கியபடி ஷட்டில் ஓடும் தடத்துக்கும் ஒன்று. தடம் காய்ந்துபோனால் கடகடவென்று சத்தம் போட்டே காட்டிக்கொடுத்துவிடும்.

அப்புறம் ஸ்டாண்ட். பெடலின் இரண்டு முனை, பெடலையும் பெரிய சக்கரத்தையும் இணைக்கும் கம்பியின் மேல்மூட்டு, கீழ்மூட்டு, சக்கரத்தின் அச்சு. பெல்ட்டிலும் மேல் நூல் போகும் டென்ஷன் தட்டுகளிலும் மட்டும் எண்ணெய் படவே கூடாது. பெல்ட் வழுக்கும், துணி கறைபடும்.

விட்டு முடித்ததும் நூல் இல்லாமல், துணியை அமுக்கும் ஃபுட்டைத் தூக்கி வைத்து, இரண்டு நிமிடம் ஓட்டுங்கள். ராத்திரி ஒரு பழைய துணியை ஃபுட்டுக்கு அடியில் வைத்து விட்டுவிடுங்கள், வழிவதை அது குடித்துக்கொள்ளும். மறுநாள் முதல் தையலும் கந்தல் துணியில்தான். மகளின் வெள்ளை யூனிஃபார்மில் ஆரம்பித்து நான் பட்டது போதும்.

நாள் முழுக்கத் தைப்பவர்கள் தினமும் விட வேண்டும். வீட்டுத் தையலுக்கு எட்டு மணி நேரத் தையலுக்கு ஒரு முறை போதும்.

கே: அக்கா, எங்கட அம்மம்மாட கை மெஷின் பதினைஞ்சு வருசமா மூலைக்குள்ள கிடந்தது. இப்ப சில்லு (சக்கரம்) அசையுதில்லை. பழுதாப் போச்சுதோ? (யாழ்ப்பாணம்)

அப்படிச் சட்டென்று முடிவு கட்டாதீர்கள். முக்கால்வாசி மிஷின்கள் பழுதாகியிருக்காது, எண்ணெய் இறுகியிருக்கும், அவ்வளவுதான். முதலில் ஷட்டிலைப் பாருங்கள். பழைய நூல் துண்டு ஒன்று அங்கே சுற்றிக்கொண்டிருந்தாலே சில்லு நின்றுவிடும். அதுவும் இல்லையென்றால் எண்ணெய் விடும் இடங்களில் மண்ணெண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் விடுங்கள். அப்புறம் கையால் முன்னும் பின்னும் லேசாக ஆட்டுங்கள். முதல் நாள் நூலளவு அசைந்தாலே நல்ல சகுனம். திரும்ப விடுங்கள், திரும்பக் காத்திருங்கள். சுத்தியல், குறடு பக்கம் கை போகவே கூடாது. பக்கத்தில் அடுப்போ விளக்கோ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விடுபட்டதும் அழுக்கைத் துடைத்துவிட்டு மிஷின் எண்ணெய் விடுங்கள், மண்ணெண்ணெயோடு நிறுத்திவிட்டால் இரும்பு காய்ந்துபோகும்.

கே: சக்கரம் சுற்றுகிறது, ஊசி மட்டும் அசையவில்லை. (சேலம்)

சக்கரத்தின் நடுவில் இருக்கிற திருகு தளர்ந்திருக்கிறது. பாபினில் அடி நூல் சுற்றுவதற்காக அதைத் தளர்த்திவிட்டு இறுக்க மறந்திருப்பீர்கள். இறுக்கியும் பிடிக்கவில்லை என்றால் உள்ளே இருக்கும் வாஷர்தான் காரணம். திருகைக் கழற்றிப் பாருங்கள், வாஷரின் உட்பக்கம் வளைந்த இரண்டு சிறு காதுகள் வெளியே, உங்களைப் பார்த்து நிற்க வேண்டும். சரியாக இருந்தும் பிடிக்காவிட்டால் அரை வட்டம் திருப்பிப் போடுங்கள்.

கே: துணிக்கு அடியில் நூல் கூடு கட்டிவிடுகிறது. எண்ணெய் விட்டும் பயனில்லை. (தஞ்சாவூர்)

எண்ணெய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அடியில் கூடு கட்டினால் குற்றம் மேல் நூலில். ஃபுட்டைத் தூக்கி வைத்துவிட்டு மேல் நூலை முதலிலிருந்து கோர்த்துவிடுங்கள். அப்போதுதான் டென்ஷன் தட்டுகள் திறந்து நூலை உள்ளே வாங்கும். ஊசியில் நீளப் பள்ளம் உள்ள பக்கத்திலிருந்துதான் நூல் நுழைய வேண்டும். பெடல் பழகும்போது சக்கரம் பின்னால் சுற்றிவிட்டாலும் இப்படி ஆகும். மேற்பகுதி உங்களை நோக்கி வர வேண்டும்.

ஊசித்தட்டைக் கழற்றி, துணியை நகர்த்தும் பல்லுக்கு அடியில் ஒரு பழைய டூத் பிரஷை விட்டுப் பாருங்கள். எண்ணெயில் ஊறிய பஞ்சு கம்பளித் துண்டு மாதிரி தட்டையாக வரும். எங்கள் மிஷினில் முதல் முறை எடுத்தபோது, அதையும் மிஷினின் ஒரு பாகம் என்று நினைத்துத் திரும்ப உள்ளே வைக்கப் போனேன்!

கே: கறுப்பு உடம்பில் பொன்னிறப் பூவேலை மங்கிக் கிடக்கிறது. எதை வைத்துத் துடைப்பது? (கோவை)

தின்னர், ஸ்பிரிட் இரண்டும் கூடாது. அந்தப் பூவேலைக்கு மேல் இருப்பது அரக்கு வார்னிஷ், ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். ஒரு தீபாவளிக்குச் சுத்தம் செய்கிறேன் என்று தின்னரில் துடைத்து, எங்கள் மிஷினில் பாதி எழுத்தை நானே அழித்தேன். மிருதுவான துணியில் மிஷின் எண்ணெயைத் தொட்டு மெல்லத் தடவி, வேறு துணியால் துடைத்தால் போதும். பூவேலை தேய்ந்த இடத்தில் அழுத்தாதீர்கள்.

கே: எங்கள் சிங்கர் மிஷினில் பொறித்திருக்கும் எண் ஒய் (Y) என்ற எழுத்தில் தொடங்குகிறது. ரொம்பப் பழசு, லட்ச ரூபாய் போகும் என்கிறார்கள். உண்மையா? (திண்டுக்கல்)

ஒய் என்றால் ஸ்காட்லாந்தில் சிங்கரின் கிளைட்பேங்க் ஆலையில் செய்தது. அந்த ஆலை 1980-ல் மூடப்பட்டது. ஆனால் அங்கிருந்து லட்சக்கணக்கில் மிஷின்கள் வந்திருப்பதால் அந்த விலைக்கெல்லாம் போகாது. பேசாமல் அதிலேயே தையுங்கள்.