எந்தப் பதிப்பில் ஆடுவது? டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கேள்வி பதில்

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் கதையை நடத்த மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டராக ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பற்றி டெல்டா நண்பர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் கொண்டுவந்த விளையாட்டு இது. அதன்பின் விதிகள் பலமுறை மாறிவிட்டன. பெரும்பாலான கேள்விகள் அந்த மாற்றத்தைப் பற்றித்தான் வந்திருக்கின்றன.

மன்னார்குடி, கல்லூரி மாணவர்: அண்ணே, நாங்கள் நாலு பேர். யாரும் இதுவரை ஆடியதில்லை. எந்த எடிஷனில் ஆரம்பிக்கலாம்? புத்தகம் வாங்கக் கையில் காசு இல்லை.

ஐந்தாம் பதிப்பில் ஆரம்பியுங்கள் தம்பி. இருபது பக்கப் பகடையை உருட்டி, உங்கள் கேரக்டரின் திறமைக்கான கூட்டெண்ணைச் சேர்த்து, இலக்கைத் தொட்டால் வெற்றி. ஏறக்குறைய எல்லாமே இந்த ஒரு வழியில் நடந்துவிடும். அதன் அடிப்படை விதித் தொகுப்பான எஸ்.ஆர்.டி. 5.1, 2023 ஜனவரியிலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கிறது. இலவசமாக இறக்கி, பிரிண்ட் போட்டு, ஸ்பைரல் பைண்டிங் செய்துகொள்ளலாம். மூலத்தைக் குறிப்பிட்டால் தமிழில் மொழிபெயர்த்தும் வெளியிடலாம். யாராவது செய்யவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. டஞ்சன் மாஸ்டராக, அதாவது கதையை நடத்துபவராக, உட்காரப் போகிறவர் மட்டும் அதைப் படித்தால் போதும்.

மயிலாடுதுறை: பகடை ஆர்டர் போட்டிருக்கிறோம், வரவில்லை. போனில் உருட்டினால் சுவாரஸ்யமே இல்லை.

வீட்டில் தாயக்கட்டை இருக்கிறதா பாருங்கள். ஒரு கட்டைக்கு நாலு பக்கம். வெறும் பக்கத்தை நாலு என்று வைத்துக்கொண்டால் நாலு பக்கப் பகடை தயார். எட்டு வேண்டுமென்றால் இரண்டு கட்டையையும் போடுங்கள். முதல் கட்டையில் விழுவது எண். இரண்டாவதில் ஒன்றோ இரண்டோ விழுந்தால் அந்த எண் அப்படியே நிற்கும். மூன்றோ வெறுமையோ விழுந்தால் அதோடு நாலைக் கூட்டுங்கள். எது முதல் கட்டை என்று தெரிய, ஒன்றில் நெயில் பாலிஷால் புள்ளி வைத்துவிடுங்கள். ஆறுக்கு லூடோ பகடை. இருபதுக்கு ஒரு டப்பாவில் இருபது சீட்டு போட்டுக் குலுக்கி எடுங்கள். எடுத்த சீட்டை ஒவ்வொரு முறையும் திரும்பப் போடவேண்டும். இல்லையென்றால் வாய்ப்புக் கணக்கே கெட்டுவிடும்.

நாகப்பட்டினம்: பழைய புத்தகத்தில் 'தாக்கோ' என்று வருகிறதே, அது என்ன?

ஏ.சி. (ஒருவரை அடிப்பது எவ்வளவு கடினம் என்று சொல்லும் கவச எண்) பூஜ்ஜியம் உள்ள எதிரியை அடிக்க இருபது பக்கப் பகடையில் விழவேண்டிய எண். 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் எங்கும் பார்க்கலாம். அப்போது ஏ.சி. குறையக் குறையத்தான் கவசம் பலம். தாக்கோ 18, எதிரியின் ஏ.சி. 5 என்றால் 13 விழவேண்டும். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு இதைத் திருப்பிப் போட்டது. 20-இலிருந்து இரண்டு எண்களையும் தனித்தனியாகக் கழியுங்கள்: ஏ.சி. 15, தாக்குதல் கூட்டெண் 2. இப்போதும் அதே 13 தான் விழவேண்டும்.

கும்பகோணம்: 1980-களில் வந்த ஒரு பழைய சாகசக் கதைப் புத்தகம் கிடைத்தது. எல்லா எண்ணையும் மாற்றி ஐந்தாம் பதிப்பில் நடத்தலாமா?

நடத்தலாம், ஆனால் எண்களை மாற்ற உட்காராதீர்கள். ஓகர் என்ற ராட்சதனை எடுத்துக்கொள்வோம். அன்றைய விதியான அட்வான்ஸ்டு டி அண்ட் டி-யில் அதற்கு ஏ.சி. 5, அதாவது இன்றைய கணக்கில் 15. ஹிட் பாயிண்ட், அதாவது உயிரின் அளவு, சராசரியாக 19. ஐந்தாம் பதிப்பின் 2014 புத்தகத்தில் அதே ஓகருக்கு ஏ.சி. 11, ஹிட் பாயிண்ட் 59. ஏ.சி.யை மட்டும் கழித்துப் போட்டால் எந்தப் பதிப்பிலும் சேராத ஒரு ஜந்துதான் மிஞ்சும். பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, புதுப் புத்தகத்தின் ஓகரை அந்த அறையில் வையுங்கள்.

அடுத்து தலைக்கணக்கு. அன்று ஐந்தாம் லெவல் மந்திரவாதியின் ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரத்துக்கு ஐந்து ஆறுபக்கப் பகடை, சராசரி 17-18. பல ஓகர்கள் ஒரே வீச்சில் சாய்ந்துவிடும். இன்று எட்டுப் பகடை, சராசரி 28; ஓகரின் பாதி உயிர்கூடப் போகாது. பழைய சாகசத்தில் ஆறு ஓகர் என்றால் நீங்கள் இரண்டு வையுங்கள். இல்லையென்றால் அந்த ஒரு சண்டையிலேயே சாயங்காலம் முழுக்கப் போய்விடும்.

புதையலையும் குறைக்கவேண்டும். அன்று ஒரு தங்கக் காசுக்கு ஒரு அனுபவப் புள்ளி. லெவல் ஏற முக்கிய வழி அதுதான் என்பதால் அள்ளி அள்ளிக் கொடுத்திருப்பார்கள். ஐந்தாம் பதிப்பில் அந்தக் கணக்கு கிடையாது. பத்தில் ஒரு பங்கு கொடுத்தாலே தாராளம்.

வரைபடம், பொறிகள், அங்கே யாருக்கு யாரோடு பகை என்பதையெல்லாம் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பழைய சாகசத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது.

திருவாரூர்: ஒருவரிடம் ஐந்தாம் பதிப்பின் 2014 புத்தகம், இன்னொருவரிடம் அதன் 2024 திருத்தம். ஒரே மேஜையில் ஆட முடியுமா?

முடியும். கேரக்டர் எந்தப் புத்தகத்திலிருந்தும் வரலாம், மேஜையின் பொது விதி மட்டும் ஒரே புத்தகத்திலிருந்து வரட்டும். முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள். முதல் தகராறு மருந்தில் வரும்: 2014-இல் ஹீலிங் போஷன் (காயம் ஆற்றும் மருந்து) குடிக்க, தன் முறையில் செய்யும் முக்கியச் செயலான முழு ஆக்‌ஷன் போகும், 2024-இல் அதோடு சேர்த்துச் செய்யும் சிறு செயலான போனஸ் ஆக்‌ஷன் போதும். காயம் ஆற்றும் க்யூர் வூண்ட்ஸ் மந்திரமும் ஒரு எட்டுபக்கப் பகடையிலிருந்து இரண்டாகிவிட்டது. எனக்கு இரண்டிலுமே 2024 விதிதான் பிடிக்கும். அடிபட்டவர் தன் முறையை இழந்து சும்மா உட்கார வேண்டியதில்லை.

திருச்சி: நாலாம் பதிப்பை ஏன் எல்லாரும் திட்டுகிறார்கள்?

2008-இல் வந்தபோது அது பழக்கத்தை அடியோடு மாற்றியது, அதுதான் காரணம். கட்டம் போட்ட தாளில் காய் நகர்த்தி நடத்தும் சண்டைக்கு அதைவிட நல்ல பதிப்பு கிடையாது. சதுரங்கம் பிடித்தவர்கள் உங்கள் குழுவில் இருந்தால் தயங்காமல் எடுங்கள்.

பட்டுக்கோட்டை, ஆசிரியை: பிள்ளைகளுக்கு ஐரோப்பியக் கோட்டையும் பனிமலையும் ஒட்டவில்லை. நம் ஊரை வைத்து நடத்தினால் எந்தப் பதிப்பு பொருந்தும்?

டீச்சர், நம் ஊர் எந்தப் பதிப்புக்கும் பொருந்தும். ஒரே காட்சியை இரண்டு பதிப்பில் நடத்திக் காட்டுகிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள்.

கல்லணைக்குக் கீழே ஒரு கிராமம். ராத்திரி யாரோ மதகை அடைத்துவிட்டார்கள், வாய்க்காலில் தண்ணீர் ஏறுகிறது. ஷட்டர் துருப்பிடித்து இறுகியிருக்கிறது. ஐந்தாம் பதிப்பில் ஒரு பிள்ளை "நான் தூக்குகிறேன்" என்பான். அத்லெட்டிக்ஸ் திறனுக்கு ஒரு உருட்டு, இலக்கு 15. இன்னொருத்தி கை கொடுத்தால் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுக்கலாம். சட்டென்று முடியும், கூச்சப்படும் பிள்ளையும் தைரியமாக ஆடும்.

1981-இன் பேசிக் விதியில் அப்படியொரு திறன் பட்டியலே இல்லை. "எப்படித் தூக்குவாய்?" என்று நீங்கள் கேட்கவேண்டும். ஒருத்தி விளக்கெண்ணெய் ஊற்றுவாள். ஒருவன் கடப்பாரையை நெம்புகோலாகப் போடுவான். ஒருவன் ஓடிப்போய் ஏர்மாட்டை அவிழ்த்துவந்து கயிறு கட்டுவான். யோசனை சரியாக இருந்தால் பகடையே வேண்டாம், மதகு திறக்கும். கிராமத்துப் பிள்ளைகள் இதில் பின்னி எடுப்பார்கள். உங்கள் வகுப்புக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

அந்த விதியில் இன்னொரு அருமையான விஷயம், எதிரே வருபவர் முகம் எப்படி என்பதற்கு இரண்டு ஆறுபக்கப் பகடை உருட்டுவது. 2 விழுந்தால் உடனே தாக்குவார்கள், 12 விழுந்தால் நட்பு, நடுவில் விழுந்தால் பேசிப் பார்க்கலாம். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் ஓதம் ஏறும் நேரம், மூச்சு வேர்களுக்கு நடுவே எதிர்ப்படகில் நாலு காப்ளின் (குட்டிப் பூதங்கள்) என்று வையுங்கள். உடனே சண்டை என்று யாரும் முடிவுகட்ட முடியாது. பிள்ளைகள் பேசத் தொடங்குவார்கள்.

தஞ்சாவூர்: பழைய விதியில் ஆடினோம். முதல் நாளே இரண்டு கேரக்டர் செத்துவிட்டது. ஒரு தங்கை இனி வரமாட்டேன் என்கிறாள்.

அவளுக்கு வருத்தம் இருக்கத்தான் செய்யும். பேசிக் விதியில் ஹிட் பாயிண்ட் பூஜ்ஜியம் ஆனால் மரணம். முதல் லெவல் மந்திரவாதிக்கு மொத்தமே ஒரு நாலுபக்கப் பகடைதான். இதை ஆட்டம் தொடங்கும்முன் எல்லாரிடமும் சொல்லவேண்டும். வேண்டுமென்றால் ஐந்தாம் பதிப்பின் மரண விதியை மட்டும் இதில் ஒட்டிக்கொள்ளுங்கள்: விழுந்தவர் தன் முறை வரும்போதெல்லாம் இருபது பக்கப் பகடை உருட்டவேண்டும், 10-உம் அதற்கு மேலும் வெற்றி, மூன்று வெற்றிக்குள் மூன்று தோல்வி வந்தால்தான் சாவு. மற்ற எதையும் தொடவேண்டாம்.

அப்புறம், குழுவோடு கூலிக்கு ஒரு தீவட்டிக்காரரை அனுப்புங்கள். முதல் நாளிலிருந்தே அவருக்குப் பெயரும் ஊரும் கொடுத்துவிடுங்கள். யாருடைய கேரக்டராவது செத்தால், அடுத்த நிமிடமே அவர் அந்தத் தீவட்டிக்காரராக ஆடலாம். அந்தத் தங்கையிடம் அவருக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.