கார்ட் மாற்றியும் கேம் இழுக்கிறதா?

அண்ணா, என் மெஷின் ஐ5-4460, 8 ஜிபி ராம். காசு சேர்த்து ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்ட் போட்டேன். கவுண்டர் ஸ்ட்ரைக் 2-இல் பழைய எஃப்பிஎஸ்தான் (நொடிக்குத் திரையில் வரும் படங்கள், அதாவது பிரேம்கள்) வருகிறது. கார்ட் பழுதா? (உவர்மலை)

கார்டில் பிழை இல்லை தம்பி, அது வேலை இல்லாமல் காத்திருக்கிறது. யார் எங்கே நிற்கிறார், குண்டு எங்கே பட்டது என்று ஒவ்வொரு பிரேமுக்கும் கணக்குப் போட்டுக் கொடுப்பது புரொசசர். அதை வரைவதுதான் கார்டின் வேலை. உங்கள் புரொசசர் 2014-இல் வந்தது. நான்கு கோர், நான்கு த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் நான்கு வேலைதான். அது நொடிக்கு 90 பிரேமுக்குத்தான் கணக்கு முடிக்கும் என்றால், எந்தக் கார்டைப் போட்டாலும் 90-ஐத் தாண்டாது.

சோதித்துப் பாருங்கள். ரெசல்யூஷனை 1080-இலிருந்து 720-க்கு இறக்கி அதே மேப்பை விளையாடுங்கள். எஃப்பிஎஸ் ஏறவே இல்லையென்றால் தடை புரொசசரில்தான். டாஸ்க் மானேஜர் சிபியு 60 சதவீதம் என்று காட்டினால் நம்பிவிடாதீர்கள்; நான்கில் ஒரு கோர் மட்டும் முழுசாகத் திணறிக்கொண்டிருக்கும்.

ராம் ஒரே குச்சியாக இருந்தால் அதே மாதிரி இன்னொன்று போடுங்கள், செலவு குறைவு. புதுத் தலைமுறைப் புரொசசருக்கு மாறுவதென்றால் மதர்போட், ராம் எல்லாம் சேர்ந்தே மாறும், ஏனென்றால் உங்களுடையது டிடிஆர்3 என்ற பழைய வகை ராம் போடும் போட். கார்டை மட்டும் விற்றுவிடாதீர்கள். அதுவரை கிராபிக்ஸ் செட்டிங்கை ஏற்றி வையுங்கள். கார்ட் சும்மாதானே இருக்கிறது, எஃப்பிஎஸ் குறையாமலே படம் அழகாகும்.

முதல் இருபது நிமிடம் நன்றாக ஓடும், பிறகு விழுந்துவிடும். புதுக் கார்ட். (நிலாவெளி)

சூடு. கார்ட் 80 பாகையைத் தாண்டிப் போகும்போது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மத்தியானம் அறையே கொதிக்கும். போன கிழமை உங்கள் பக்கத்து மெஷின் ஒன்றைத் திறந்தேன். ஃபேன் இதழ்களில் தூசியும் கடற்காற்றின் ஈரமும் சேர்ந்து களி மாதிரி ஒட்டியிருந்தது, பின்பக்க ஸ்குரூ எல்லாம் துரு. பக்கக் கதவைக் கழற்றிவிட்டு ஒருமுறை விளையாடுங்கள். இருபது நிமிடம் நாற்பதானால், உள்ளே காற்றோட்டம் இல்லை என்று அர்த்தம். சுத்தம் செய்து, முன்னால் ஒரு ஃபேன் போடுங்கள். மெஷினைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள்.

எந்தக் கேமும் 60-க்கு மேல் போகவில்லை. (கிண்ணியா)

வி-சிங்க் (பிரேம் எண்ணிக்கையை மொனிட்டரின் வேகத்தோடு கட்டி வைக்கும் செட்டிங்) போட்டிருப்பீர்கள், நிறுத்திப் பாருங்கள். மொனிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால் அதற்கு மேல் எண் ஏறினாலும் திரை காட்டுவது 60-தான். 144 ஹெர்ட்ஸ் மொனிட்டர் வைத்திருப்பவர்கள், விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் அதைத் தெரிவு செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பலர் செய்வதில்லை.

கார்ட் போட்ட பிறகும் துளி மாற்றம் இல்லை. (தம்பலகாமம்)

மொனிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது? மதர்போட்டில் என்றால் படம் கார்டிலிருந்து வரவில்லை; கழற்றி, கார்டில் செருகுங்கள்.

பழைய மெஷினுக்கு ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வாங்கலாமா? (மூதூர்)

வேண்டாம். அந்தக் கார்ட், மதர்போட்டோடு இணையும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் நான்கு லேன் (தரவு போகும் பாதை) மட்டுமே பயன்படுத்துகிறது. பழைய மெஷினின் மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில் அந்தப் பாதையின் வேகமும் பாதியாகிவிடும். அதன் 4 ஜிபி நினைவகம் நிரம்பியதும் மீதியை அந்த ஒடுங்கிய வழியாகத்தான் ராமிலிருந்து இழுக்க வேண்டும், அப்போதுதான் திக்கும். 8 ஜிபி, எட்டு லேன் உள்ள ஆர்எக்ஸ் 6600 கைக்கு எட்டும் விலையில் கிடைத்தால் அதை எடுங்கள். அதற்கு முன் பவர் சப்ளை எத்தனை வாட், எட்டு முள் இணைப்பு இருக்கிறதா என்று ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்புங்கள்.