கோடு ஏன் விட்டுப்போகிறது? – கார்மோரன்ட் இட்டாலிக் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

கல்யாணப் பத்திரிகை ஒன்று வடிவமைக்கிறேன். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம். ஆங்கிலப் பக்கம் முழுவதையும் கார்மோரன்ட் என்ற எழுத்துருவின் லைட் இட்டாலிக்கில் (மெல்லிய சாய்வெழுத்து), 10 பாயின்ட்டில் வைத்தேன். திரையில் கொள்ளை அழகு. மெரூன் அட்டையில் தங்க நிற ஸ்கிரீன் பிரின்டாக வந்த மாதிரியில் மெல்லிய கோடுகள் எல்லாம் விட்டுவிட்டுத் தெரிகின்றன. அச்சகத்தில் கேட்டால் "ஃபான்ட்டே அப்படித்தான்" என்கிறார்கள். ஜோடியாக இருக்கட்டுமே என்று தமிழையும் சாய்த்தேன். சரிந்து விழுவது போல் இருக்கிறது. எதை மாற்றுவது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அச்சகத்தில் சொன்னது பாதி சரி. கார்மோரன்ட்டை வரைந்த கிறிஸ்டியன் தால்மன் அதைத் தலைப்பு அளவுக்கென்றே வரைந்தார். கரமோன்ட் என்ற பழைய பிரெஞ்சு எழுத்து மரபில் வந்த பெரும்பாலான எழுத்துருக்கள் புத்தகப் பத்திக்கானவை. இது பெரிதாக வைத்துப் பார்ப்பதற்கானது. 30 பாயின்ட்டில் கண்ணைப் பறிக்கும் அந்த மெலிவுதான் 10 பாயின்ட்டில் காலை வாருகிறது. போதாக்குறைக்கு இதன் சின்ன எழுத்துகள் (a, e, o போன்றவை) உயரத்தில் குட்டை. இதை 12 பாயின்ட் வைத்தால் டைம்ஸ் எழுத்தின் 10 பாயின்ட் அளவுக்குத்தான் தெரியும். நீங்கள் வைத்ததோ 10, அதிலும் லைட்.

மீதிப் பாதி ஸ்கிரீனில், அதாவது மையை இறக்கும் வலையில் இருக்கிறது. எழுத்தின் கோடு வலை இழையின் தடிமனை நெருங்கிவிட்டால் மை சில வலைக் கண்களில் இறங்கும், சிலவற்றில் இறங்காது. தங்க மையில் உலோகத் துகள் இருப்பதால் அதற்குக் கண் பெரிய வலைதான் போடுவார்கள். அதில் நுண்கோடு இன்னும் சீக்கிரம் போய்விடும். இட்டாலிக்கின் சாய்ந்த கோடு கட்டங்களைக் குறுக்கே வெட்டிப் போவதால் ஓரம் ரம்பப் பல்லாகவும் மாறும். ஃபாயிலுக்கு (சூட்டில் ஒட்டும் தங்கத் தகடு) மாறினால் சிக்கல் தலைகீழாகும்: கோடு நிற்கும், ஆங்கில 'e' எழுத்தின் சின்னக் கண் அடைத்துக்கொள்ளும்.

ஆகவே இரண்டாகப் பிரியுங்கள். மணமக்கள் பெயர் மட்டும் கார்மோரன்ட் செமிபோல்ட் இட்டாலிக், 32 பாயின்ட்டுக்குக் குறையாமல். நேரம், இடம், விலாசம் எல்லாம் இபி கரமோன்ட் என்ற எழுத்துருவின் மீடியம், 12 அல்லது 13 பாயின்ட், வரிக்கு வரி 17 பாயின்ட். ஸ்கிரீன் போடுவதற்கு முன் ஒரு சோதனை: எழுத்தை கர்வ் ஆக்கி (வெறும் வரைகோடாக மாற்றி), 0.5 பாயின்ட் அகலத்தில் ஒரு கட்டம் வரைந்து, ஆங்கில 'o' எழுத்தின் மேல் விளிம்பில் கோடு மிக மெலிந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். கோடு கட்டத்தைவிட ஒல்லியாக இருந்தால் ஒரு படி தடித்த வெயிட்டுக்குப் போங்கள். சுற்றிலும் 0.15 பாயின்ட் அவுட்லைன் கொடுத்துத் தடிப்பாக்கும் வழக்கம் உண்டு. எனக்கு அது பிடிக்காது. கோட்டு நுனியில் கூர்மையாக இருக்க வேண்டிய செரிஃப் முனைகள் மழுங்கிவிடும்.

பக்கம் முழுவதும் இட்டாலிக் தவறா என்றால், பிறந்தபோதே அப்படித்தான் பிறந்தது. வெனிஸில் ஆல்டஸ் மனுஷியஸ் 1501இல் வெளியிட்ட வர்ஜில் கவிதை நூல் முழுக்க இட்டாலிக். எழுத்தை வெட்டியவர் ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ. அன்றைய படித்தவர்களின் வேகக் கையெழுத்துதான் அதற்கு மாதிரி. ஆனால் அந்த நூலில் பெரிய எழுத்துகள் (கேபிடல்) நிமிர்ந்தே நிற்கும். ரோமன் என்ற நிமிர்ந்த எழுத்துக்கு நடுவே ஒரு சொல்லை எடுத்துக்காட்டும் துணை வேலை அதற்குப் பிறகு வந்தது. எட்டுப் பத்து வரிகளுக்கு இன்றும் தாராளமாக வைக்கலாம். கைபேசி எண்ணும் கதவு எண்ணும் மட்டும் ரோமனில் இருக்கட்டும். முழுக்கப் பெரிய எழுத்தில், அதுவும் வால் நீண்ட ஸ்வாஷ் எழுத்துகளில் பெயரை அடிக்காதீர்கள். வால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். ஸ்வாஷ் சொல்லின் முதல் எழுத்துக்கு மட்டும்.

இன்னும் சிக்கனமான வழி ஒன்று உண்டு. எனக்கு அதுதான் இஷ்டம். இரண்டு பெயர்களையும் இடைவெளி விட்ட ரோமன் பெரிய எழுத்தில் வைத்து, நடுவில் வரும் 'அண்ட்' (&) குறியை மட்டும் இட்டாலிக்கில், ஒன்றரை மடங்கு பெரிதாக வையுங்கள். அந்தக் குறி 'எட்' (et) என்ற லத்தீன் சொல்லின் இரண்டு எழுத்துகள் சேர்ந்து உருவானது. கரமோன்ட் வகை இட்டாலிக்கில் அந்த இரண்டும் இன்றும் பிரிந்து தெரியும். அட்டைக்கு அந்த அலங்காரம் ஒன்று போதும்.

நீங்கள் போட்டது அசல் இட்டாலிக்தானா என்றும் பாருங்கள். இட்டாலிக் கோப்பை நிறுவாமல் வேர்டில் சாய்வுப் பொத்தானை அழுத்தினால், அது ரோமனையே தள்ளிச் சாய்த்துக் கொடுத்துவிடும். ஆங்கிலச் சின்ன 'ஏ'யைப் (a) பாருங்கள்: ரோமனில் மேலே ஒரு கொக்கி, கீழே ஒரு வயிறு. அசல் இட்டாலிக்கில் கொக்கி போய், கையால் எழுதும் ஒற்றை வயிறாகிவிடும். 'எஃப்' (f) வரிக்குக் கீழே வால் விடும். கொக்கியோடு சாய்ந்திருந்தால் போலி.

தமிழில் நடந்ததும் இதுதான். தமிழ் அச்சில் இட்டாலிக்குக்கென்று தனி வடிவ மரபு இல்லை. சாய்வுப் பொத்தான் தருவது தள்ளிவிட்ட எழுத்துதான். 'ப', 'ம', 'ட' மூன்றும் செங்குத்துக் கோட்டில் நிற்பவை. கோடு சாய்ந்தால் கட்டடமே சாய்ந்த மாதிரி இருக்கும். 'கூ', 'ணை' போன்றவற்றின் வளைவுகளோ சாய்ந்ததும் இழுபட்டுக் கோணும். தமிழை நிமிர்ந்தே விடுங்கள். ஜோடிப் பொருத்தத்தை மை அடர்த்தியில் தேடுங்கள்: இரண்டு பக்கத்தையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் ஒரே அளவு கருமை தெரிய வேண்டும். தடிப்பும் மெலிவும் மாறிவரும் தமிழ் எழுத்துருவை எடுத்து, ஆங்கிலத்தைவிட ஒன்றிரண்டு பாயின்ட் குறைத்துத் தொடங்குங்கள்.

கோப்பு அனுப்பும்போது ஒன்று. கூகுளில் இறக்கினால், எல்லாத் தடிமனும் ஒன்றிலேயே அடங்கிய வேரியபிள் கோப்போடு, தடிமனுக்கு ஒரு கோப்பு வைத்த ஸ்டாடிக் என்ற கோப்புறையும் வரும். அச்சகத்தில் கோரல் வடிவமைப்பு மென்பொருளின் பழைய பதிப்பு இருந்தால் வேரியபிள் கோப்பு படுத்தும். ஸ்டாடிக்கில் உள்ளதை நிறுவி, எல்லாவற்றையும் கர்வ் ஆக்கிய பிடிஎஃப்பாகவே கொடுங்கள். கர்வ் ஆக்காத பிரதி ஒன்று உங்களிடம் இருக்கட்டும். முகூர்த்த நேரம் கடைசி நிமிடத்தில் மாறும்.