போஸ்ட் வலுவாக இருந்தால் பல்லும் வலுவாகுமா?

கேள்வி: என் மேல் முன்பல் பாதிக்கு மேல் உடைந்து, ரூட் கெனால் செய்தாகிவிட்டது. கேப் போடும் முன் வேருக்குள் ஃபைபர் போஸ்ட் (இழைகளால் ஆன சிறு குச்சி) வைக்க வேண்டும் என்கிறார் டாக்டர். மெட்டல் போஸ்ட் வைத்திருக்கும் என் அண்ணனோ, "உலோகம்தான் தாங்கும்" என்கிறார். எதை வைத்துக்கொள்வது?

பதில்: உங்கள் டாக்டர் சொன்னதையே நானும் சொல்வேன். ஆனால் அண்ணனுக்கு இருக்கும் எண்ணம் பலருக்கும் உண்டு. போஸ்ட் பல்லைப் பலப்படுத்துவதில்லை. மேலே கேப்பைத் தாங்கும் அடிக்கட்டு நிற்பதற்கு ஒரு பிடிமானம், அவ்வளவுதான். அதற்காக வேரைக் குடைவதால் பல் கொஞ்சம் பலம் இழக்கவே செய்கிறது. கடைவாய்ப் பல்லில் உள்ளறையே பிடிமானம் தந்துவிடுவதால் பெரும்பாலும் போஸ்ட் தேவைப்படாது. முன்பல் வேறு, கடிக்கும்போது அது பக்கவாட்டில் தள்ளப்படுகிறது.

மண்சுவரில் கடப்பாரையைச் செருகி மேல்முனையை ஆட்டிப் பாருங்கள். கடப்பாரை வளையாது, சுவர்தான் பிளக்கும். வேரின் டென்டினைவிட, அதாவது பல்லின் உட்பகுதியான கடினத் திசுவைவிட, ஸ்டீல் சுமார் 10 மடங்கு விறைப்பானது. டைட்டானியம் 5, 6 மடங்கு. பல் லேசாக வளையும்போது உலோகம் கூடவே வளையாமல், அழுத்தத்தை வேரின் உள்ளே, போஸ்ட்டின் நுனிப் பக்கம் இறக்கிவிடுகிறது. அங்கே நெடுக்காக விரிசல் விட்டால் பல்லைப் பிடுங்குவதுதான் வழி. திருகிச் செருகும் போஸ்ட் இன்னும் மோசம். வைக்கும்போதே ஆப்பு போல வேரை நெருக்கும். ஃபைபரின் விறைப்பு டென்டினுக்கு ஓரளவு பக்கத்தில் இருப்பதால் அழுத்தம் ஈறோரத்தில், பல்லின் கழுத்தில் தங்குகிறது. கெட்டாலும் பெரும்பாலும் பசை விட்டுப்போகும் அல்லது போஸ்ட் உடையும். வேர் தப்பினால் மறுபடி கட்டிக்கொள்ளலாம்.

சரி, இதைவிட முக்கியமான ஒன்று. ஈறுக்கு மேலே சொந்தப் பல் சுற்றிலும் 1.5 முதல் 2 மி.மீ. உயரமாவது மிஞ்சியிருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். பீப்பாயை இரும்பு வளையம் கட்டிப் பிடிப்பதுபோல, கேப் அந்தச் சுவரை இறுகப் பிடித்தால்தான் வேர் பிளக்காது. அது இல்லாவிட்டால் எந்த போஸ்ட்டும் நம்பகமில்லை. ஈறைக் கொஞ்சம் இறக்கியோ, கம்பி போட்டு வேரை மெல்ல வெளியே இழுத்தோ அந்த உயரத்தைச் சம்பாதிக்க முடியும். நேரம் பிடிக்கும், ஆனால் அவசரப்பட்டு கேப் போடுவதைவிட மேல்.

மற்றபடி, ரூட் கெனாலில் வேருக்குள் நிரப்பிய அடைப்பை, வேர்நுனியில் 4, 5 மி.மீ. அளவுக்கு விட்டுவைக்க வேண்டும். போஸ்ட்டின் தடிமன் வேரின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இதெல்லாம் டாக்டர் பார்த்துக்கொள்வார்.

அப்புறம், இதைப் படித்துவிட்டு அண்ணன் தன்னுடையதை மாற்றக் கிளம்ப வேண்டாம். இறுகிய மெட்டல் போஸ்ட்டைக் கழற்றும்போதே வேர் விரிசல் விடக்கூடும். கடித்தால் வலி, ஈறில் கொப்புளம், கேப் ஆட்டம், இவற்றில் ஏதாவது இருந்தால் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கட்டும்.