காட்டு மூலிகையில் மருந்து தேடப் போகிறேன் என்று மகள் சொன்னால்

சார், மூலிகைகளில் மருந்து தேடும் ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்று மகள் சொன்னதைக் கேட்டு நீங்கள் பதறி எழுதியதில் பாதி நியாயம்தான். இந்தத் துறையில் உருப்படியான சம்பளம் கைக்கு வர வருடக்கணக்கில் ஆகும். ஆனால் "இலையைப் பறித்து என்ன சம்பாதிப்பாள்" என்று கேட்டிருக்கிறீர்களே, அது சரியில்லை.

அகத்தியமலை காணிப் பழங்குடி மக்கள் கதை அவளுக்குத் தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள். 1987-ல் கேரளப் பக்கக் காட்டில் ஆய்வாளர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு மலையேற, வழிகாட்ட வந்த காணிகள் ஏதோ ஒரு சின்னப் பழத்தைத் தின்றுகொண்டே அலுங்காமல் நடந்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. பாலோடு என்ற ஊரிலுள்ள தாவரவியல் தோட்ட ஆய்வகத்தில் சோதித்தார்கள், கடைசியில் களைப்பு போக்கும் 'ஜீவனி' மருந்துக்குள் போனது பழம் இல்லை, இலை! மருந்தைத் தயாரிக்கும் கம்பெனி தருவது உரிமத்தொகை 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம், இரண்டிலும் பாதி காணிகளுக்கு என்று பேசி முடித்தார்கள்.

தின்பது பழம், மருந்து இலையில் என்று கண்டுபிடிக்க ஒருத்தர் ஆய்வகத்தில் உட்கார வேண்டும் இல்லையா? உங்கள் மகளுக்கு அந்த வேலைதான். நிழலில் உலர்த்திய பொடியை சாக்ஸ்லெட் என்ற சாறு இறக்கும் கண்ணாடிக் கருவியில் போட்டு முதலில் ஹெக்சேன், அப்புறம் எத்தில் அசிடேட், அப்புறம் மெத்தனால் என்று கரைப்பான்களை ஒவ்வொன்றாக ஓட்டி, வருகிற சாற்றைப் பிரித்து, எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். ஆறு மாதம் பாடுபட்டுப் பிரித்தது கடைசியில் பீட்டா-சிட்டோஸ்டெரால் என்று தெரியவரும், அது எல்லாச் செடியிலும் கிடக்கிற சரக்கு. அதைத் தாங்குகிற பொறுமை அவளுக்கு உண்டா என்பதுதான் என் ஒரே கேள்வி.

பொறுமை உண்டென்றால், வெறும் தாவரவியலோடு நிறுத்த வேண்டாம். கரிம வேதியியலில் எம்.எஸ்சி., அல்லது பி.பார்ம் முடித்து ஜிபேட் நுழைவுத்தேர்வு எழுதி பார்மகாக்னசியில், அதாவது இயற்கைப் பொருட்களிலிருந்து வரும் மருந்துகளைப் பற்றிய படிப்பில், எம்.பார்ம். எம்.எஸ்சி. வழியில் போனால் சிஎஸ்ஐஆர்-நெட் என்ற தேசியத் தேர்வு எழுதி ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கட்டும், முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், உங்களிடம் கை நீட்ட வேண்டியதில்லை. க்ரோமட்டோகிராஃபி, அதாவது கலவையிலிருந்து பொருட்களைப் பிரிக்கும் முறை, கை பழகியவர்களை மருந்து, உணவு, அழகுசாதன கம்பெனிகளின் தரப் பரிசோதனைப் பிரிவிலும் எடுத்துக்கொள்வார்கள்.

2002 பல்லுயிர்ச் சட்டத்தையும் அவள் படிக்கட்டும். காப்புரிமை என்று வந்தால் தேசிய பல்லுயிர் ஆணையத்திடம் போயாக வேண்டும், அதன் தலைமையகம் நம் சென்னையிலேயே இருக்கிறது. காணிகளைப் போல அறிவு கொடுத்தவர்களுக்கு என்ன பங்கு என்று பேசி முடிக்கிற வேலைக்கும் ஆள் வேண்டும்.

இப்போதைக்குப் பெரிய பணம் கட்டி எதிலும் சேர்க்காதீர்கள். மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து தருகிற இரண்டு மாத கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், அவள் திரும்பி வந்ததும் எனக்கு எழுதுங்கள்.