விலை தேடும் சூத்திரமும் ஜாயினும்

கேள்வி: எங்கள் மொத்த வியாபாரக் கடையின் விற்பனைக் கணக்கை எக்செலில் வைத்திருக்கிறோம். பொருள் எண்ணைத் தட்டினால், விலைப்பட்டியல் உள்ள தாளிலிருந்து விலுக்அப் சூத்திரம் விலையை எடுத்துத் தரும். சில சமயம் வேறு பொருளின் விலை வந்துவிடுகிறது. டேட்டாபேஸுக்கு மாறினால் இது சரியாகுமா?

பதில்: சூத்திரத்தின் நான்காவது இடத்தில் ஃபால்ஸ் (சரியாகப் பொருந்தும் எண்ணை மட்டும் எடு என்று பொருள்) என்று கொடுத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். அதை விட்டுவிட்டால், பட்டியல் ஏறுவரிசையில் இருப்பதாகக் கொண்டு, கேட்ட எண் இல்லாதபோது அதற்கு முந்தைய எண்ணின் விலையை எக்செல் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் எடுத்துவைத்துவிடும். உங்கள் கடையில் நடப்பது பெரும்பாலும் இதுதான். இதற்காக மட்டும் டேட்டாபேஸுக்கு மாற வேண்டியதில்லை. புதிய எக்செலில் உள்ள எக்ஸ்லுக்அப், தனியாகச் சொல்லாவிட்டாலும் சரியாகப் பொருந்தும் எண்ணையே தேடும்.

மாறுவதற்கு வலுவான காரணம் வேறு. 1017 என்ற எண் விலைப்பட்டியலில் இரண்டு வரிகளில், இரண்டு விலைகளுடன் இருந்தால், விலுக்அப் முதலில் கண்டதோடு நின்றுவிடும். மற்றொன்று இருப்பதே உங்களுக்குத் தெரியாது. ஐபிஎம்மில் பணியாற்றிய எட்கர் காட் 1970இல் முன்வைத்த, தகவல்களை டேபிள்களாக வைக்கும் ரிலேஷனல் முறையைப் பின்பற்றும் டேட்டாபேஸில், பொருள் எண்ணைப் பிரைமரி கீயாக, அதாவது ஒரு டேபிளில் ஒருமுறை மட்டுமே வரக்கூடிய அடையாளமாக அறிவித்துவிட்டால் இரண்டாவது 1017 பதிவாகவே செய்யாது. விற்பனை டேபிளில் அதையே ஃபாரின் கீயாக, அதாவது விலைப்பட்டியலில் உள்ள எண்ணையே குறிக்க வேண்டிய இணைப்பாக வைத்தால், பட்டியலில் இல்லாத எண்ணுக்கு விற்பனை வரியே ஏறாது. தேடும் நேரத்தில் தெரியவரும் தவறு, இங்கே நுழையும் இடத்திலேயே தடுக்கப்படுகிறது. எனக்கு இதுவே பெரிய லாபமாகப் படுகிறது.

ஆனால் இந்தக் கட்டுப்பாடுகளை வைக்காமல் இரண்டு டேபிள்களைப் பொருள் எண் வழியாக வெறுமனே ஜாயின் செய்தால், அதாவது இணைத்தால், நிலைமை மோசமாகும். 1017 இருமுறை இருந்தால் ஒரே விற்பனை இரண்டு வரிகளாக வந்து மொத்தம் கூடிவிடும். பட்டியலில் இல்லாத எண்ணின் விற்பனையோ கணக்கிலிருந்தே விடுபட்டுவிடும். விற்பனை வரிகள் எல்லாவற்றையும் விடாமல் வைத்துக்கொள்ளும் லெஃப்ட் ஜாயின் எழுதினால் அந்த வரி விலையில்லாமல் நிற்கும், கண்ணிலும் படும்.

எதில் கணக்கு வைத்தாலும், விற்ற நாளின் விலையை விற்பனை வரியிலேயே எழுதிவிடுங்கள். 480 ரூபாய்க்கு விற்ற டின்னின் விலையைப் பட்டியலில் 510 ஆக்கியதும், பட்டியலிலிருந்து விலையை எடுக்கும் பழைய பில்களும் 510 என்றே காட்டத் தொடங்கும். டேட்டாபேஸுக்கு மாறினாலும் இது தானாகச் சரியாகாது.