பழ ஈயின் மூளையைப் படிக்க விரும்பும் மகள்: ஒரு தந்தைக்குப் பதில்

வணக்கம் ஐயா.

"டாக்டராகும் அளவுக்கு மதிப்பெண் வாங்கும் பெண், ஈயின் மூக்கை ஆராயப் போகிறேன் என்கிறாள்" என்று வருத்தத்தோடு எழுதியிருக்கிறீர்கள். தடுப்பதற்கு முன், அவளை ஈர்த்தது எது என்று நீங்களும் பார்த்துவிடுங்கள்.

பழ ஈ முகர்வது உணர்கொம்புகளாலும் வாயருகே உள்ள சிறு உறுப்புகளாலும்தான். அங்குள்ள வாசனை நரம்பு செல்கள் சுமார் 50 வகை. ஒரே வகைச் செல்கள் அனைத்தும் மூளையில் ஒரே முடிச்சில் வந்து சேர்கின்றன. எந்தெந்த முடிச்சுகள் தூண்டப்படுகின்றன என்பதை வைத்தே மூளை வாசனையை இனம் காண்கிறது. அங்கிருந்து ஒரு பாதை பிறவியிலேயே அமைந்த விருப்பு வெறுப்புக்குப் போகிறது, இன்னொன்று கற்றலுக்கு. கற்கும் பகுதியில், மூளையின் ஒவ்வொரு பக்கத்திலும் சுமார் 2,000 செல்கள் உண்டு. ஒரு வாசனைக்கு அவற்றில் மிகச் சிலவே இயங்கும். ஒரு வாசனை இன்னொன்றோடு எளிதில் குழம்பாததற்கு இது முக்கியக் காரணம். வாசனையோடு மின்னதிர்ச்சியும் கொடுத்தால், டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் அங்குள்ள இணைப்புகளின் வலிமையை மாற்றுகிறது. அடுத்த முறை ஈ அந்த வாசனையைக் கண்டால் விலகுகிறது. நினைவு உருவாவதைச் செல் செல்லாகப் பின்தொடர முடிகிறது, ஐயா! 2024இல் 1,39,255 நரம்பு செல்கள் கொண்ட முழு ஈ மூளையின் வரைபடமும் வெளியாகிவிட்டது.

இது வெளிநாட்டுக்கு மட்டும் உரிய துறையும் அல்ல. வாசனையும் சுவையும் சரியாக உணராத ஈக்களை வைத்து, மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒபைத் சித்திகியும் வெரோனிகா ரோட்ரிக்ஸும் 1970களிலேயே ஆய்வைத் தொடங்கிவிட்டார்கள். சித்திகி உருவாக்கிய பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் அந்த மரபு தொடர்கிறது.

பிளஸ் ஒன்னில் அவள் கணிதத்தை விட்டுவிடக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். இன்றைய மூளை ஆய்வில் பாதி வேலை கணினியில் நடக்கிறது. பிறகு ஐசர் (இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம்) நுழைவுத் தேர்வு. திருப்பதியிலும் திருவனந்தபுரத்திலும் ஐசர் இருக்கிறது. அங்கே ஐந்தாண்டுப் படிப்பு, அதன்பின் உதவித்தொகையோடு முனைவர் பட்டம், அதற்கு மேலும் ஐந்தாறு ஆண்டுகள். நிலையான வேலை கிடைக்கும்போது முப்பது வயதைக் கடந்திருப்பாள். ஆராய்ச்சிப் பணியிடங்களுக்குப் போட்டியும் கடுமை. உங்கள் அச்சம் நியாயமானதுதான். ஆனால் இந்தப் பாதையில் கற்கும் தரவுப் பகுப்பாய்வுக்கு மருந்து நிறுவனங்களிலும் மென்பொருள் துறையிலும் இடம் உண்டு.

நீட் தேர்வையும் அவள் எழுதட்டும், அதற்காக ஐசர் விண்ணப்பத்தைத் தவறவிட வேண்டாம். இந்த விடுமுறையில் பைத்தான் என்ற கணினி மொழியில் சிறு நிரல்கள் எழுதிப் பழகச் சொல்லுங்கள். அதில் ஆர்வம் நிலைக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஜூன் மாதம் அவளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். பாடப்பிரிவை மூவரும் பேசி முடிவு செய்வோம்.